சோடா மூடி வாஷிங் மெஷினும் ஜொஹராக்கா மோதிரமும்

டொக்... டொக்... டொக்...

மரப்பெட்டியில ஆணி அடிச்சு வச்ச சோடா மூடி. அத மூணு தரம் திருப்பினா துணி துவைக்குதுன்னு அர்த்தம். பக்கத்து மில்லுலேர்ந்து நெல்லு அவிக்கிற வாசனை வரும். கூத்தாநல்லூர்ல ஜொஹராக்கா வீட்டுக் கூடத்துல நான் வாஷிங் மெஷின் கத்துக்கிட்டது இப்படித்தாங்க.

அப்ப எனக்கு முப்பது வயசு இருக்கும். அஞ்சாங்கிளாஸோட நின்ன படிப்பு. ஆத்துல தண்ணி வராம நடவு வேலையும் நின்னுபோச்சு. ரெண்டு புள்ளைங்களையும் எங்கம்மாகிட்ட விட்டுட்டு குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போறதா முடிவு பண்ணிட்டேன். ஜொஹராக்கா அங்க பல வருஷம் இருந்துட்டு வந்தவங்க. போற பொம்பளைங்கள அவங்கதான் பழக்குவாங்க. அவங்க "தேறும்"னு சொன்னாத்தான் ஏஜென்ட் அனுப்புவாரு.

எனக்கு முதல் நாள்லேர்ந்தே சந்தேகம். மெஷினு பொய். புள்ளைன்னு கையில குடுத்தது தலகாணி. அயர்ன் பாக்ஸ் மட்டும் நிஜம், அதுக்கும் ஒயரு கிடையாது. எல்லாமே பொய்யா இருக்கறப்ப விசா மட்டும் நிஜமா இருக்குமா?

குவைத்துல வீட்டு எஜமானியம்மாவ "மாமா"ன்னு கூப்பிடணுமாம். ஜொஹராக்கா சேர்ல கால் மேல கால் போட்டு மாமாவா நடிப்பாங்க. எனக்கு வாயே வராது...

"வெக்கப்படாம கூப்பிடு வசந்தா. நான் ஒண்ணும் உன்னக் கட்டிக்கப் போறதில்ல"ம்பாங்க. கூடமே சிரிக்கும்.

அப்புறம் கேள்வியா வரும். "கதவு பூட்டிக்கிச்சு, உள்ள அடுப்பு எரியுது, என்ன பண்ணுவ?" என்ன சொன்னாலும் அதுல ஒரு ஓட்டை கண்டுபிடிப்பாங்க.

ஒருநாள் சேர்ல உக்காரல. அடுப்படியிலேர்ந்து நேரா என்கிட்ட வந்தாங்க.

"வசந்தா, என் மோதிரம் எங்க?"

நான் முழிக்கறதுக்குள்ள என் மஞ்சப்பையத் தலைகீழா கொட்டிட்டாங்க. மாத்துச்சேலை, புள்ளைங்க போட்டோ எல்லாம் தரையில...

"யாரப் பாத்துக் கேக்குற? நாத்து நட்ட கையி இது, திருடுன கையில்ல!"

அதுவரைக்கும் வாங்க போங்கன்னு பேசினவதான் நான். பையத் தூக்கிட்டு பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் போயிட்டேன். வீட்டுக்குப் போயி எங்கம்மாகிட்ட என்ன சொல்றதுன்னு நிக்கிறேன்... பின்னாலயே மூச்சு வாங்க ஜொஹராக்கா. கைய நீட்டினாங்க. மோதிரம் விரல்ல இருந்துச்சு.

"இதுவும் பழக்குறதுதான்மா. இங்க கோவம் வந்தா பஸ் ஏறிடலாம். அங்க எந்த பஸ்ல ஏறுவ? பாஸ்போர்ட்டு அவங்க பீரோவுல இருக்கும்."

மறுநாள் போனேன். ஒரே நாள்ல பத்து தடவ என்னத் திருடின்னாங்க. ரூம விட்டு நகரக் கூடாது. ரெண்டு கையும் தெரியற மாதிரி நின்னு அரபியில சொல்லணும். "மா ஷுஃப்த், மாமா. ஃபத்திஷீ." நான் பாக்கல, என் எதிர்லயே தேடிப் பாருங்கன்னு அர்த்தம். அஞ்சாவது தடவ வரைக்கும் அழுதேன். பத்தாவது தடவ அழல.

"தேறும்"னாங்க.

குவைத்துல ஆறாம் மாசம். நிஜ மாமா, நிஜ மோதிரம், காணல. ரெண்டு கையும் தெரியற மாதிரி நின்னேன், காலு நகரல. நாக்கு தானா "மா ஷுஃப்த்"னு சொல்லிச்சு. என் எதிர்லயே என் பொட்டியெல்லாம் தேடினாங்க. கடைசியில வாஷிங் மெஷின் வாயில இருக்கற ரப்பருக்குள்ள கிடந்துச்சு! ஜொஹராக்காவோட மரப்பொட்டி மெஷின்ல ரப்பர் கிடையாது. இருந்திருந்தா முதல்ல அங்கதான் பாக்கச் சொல்லியிருப்பேன்...

எட்டு வருஷம் அந்த வீட்லயே இருந்தேன். புள்ளைங்க ரெண்டும் படிச்சாங்க. பேத்தி இப்ப தஞ்சாவூர்ல நர்சிங். சொல்லிக்கிறதுல எனக்குப் பெருமைதாங்க.

போன வாரம் போன்ல அவ காலேஜ் பொம்மையக் காட்டினா. இருமுது, கண்ணச் சிமிட்டுது, மருந்து தப்பாப் போனா பக்கத்து மெஷினு கத்துது.

"சிமுலேஷன், அப்பாயி. இங்க தப்பு பண்ணிக் கத்துக்கிட்டா நிஜ பேஷன்ட்கிட்ட பண்ண மாட்டோம்."

"ஏண்டி, அந்தப் பொம்மையோட சொந்தக்காரங்க வந்து உன்னச் சண்டை புடிப்பாங்களா?"

"அதெல்லாம் இல்ல அப்பாயி."

"அப்ப நீ இன்னும் பாதிதான் பழகியிருக்க."

சிரிக்கிறா. எனக்குச் சிரிப்பு வரல...

அன்னைக்கு மோதிரம் எங்கன்னு கேட்டப்ப ஜொஹராக்கா விரல நான் பாக்கவே இல்லீங்க. மோதிரம் அங்கயேதான் இருந்துச்சா? இல்ல, நிஜமாவே தொலைஞ்சு, நான் பஸ் ஸ்டாண்டுக்குப் போன பிறகு எங்கயாவது கிடைச்சுதா? லீவுக்கு வர்றப்பல்லாம் அவங்களப் போய்ப் பாத்தேன். டீ குடிச்சேன். அது ஒண்ண மட்டும் கேக்கல.

இப்ப கேக்க அவங்க இல்ல.