முந்தினவர் மார்க்கா

டிபேஸில் புரோகிராம் எழுதிக் காலம் தள்ளியவர்களுக்குத் தெரியும்: கம்ப்யூட்டர் மறந்து செய்யும் தவறைவிட, மறக்காமல் செய்யும் தவறுக்குத்தான் நாம் அதிகம் திட்டு வாங்கியிருப்போம்.

ஒரே டம்ளர்

எண்பதுகளின் கடைசியில் போடியில் ஓர் ஏலக்காய்க் கமிஷன் கடையில் எடைச்சீட்டு எழுதிக்கொண்டிருந்தேன். படிப்பு எட்டாவதுதான். முதலாளி கம்ப்யூட்டர் வாங்கியதும், கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று என்னை அதன்முன் உட்கார வைத்தார். எடைச்சீட்டு புரோகிராமை மதுரையிலிருந்து வந்த தம்பி ஒருவர் எழுதினார். சாக்குக்கு லேபிள் அடிக்க, அதைப் பார்த்து நானும் ஒன்று எழுதினேன்.

விவசாயியின் மார்க்காவை, அதாவது அவர் சரக்கின் அடையாளப் பெயரை, வைத்துக்கொள்ளும் வேரியபிளைத் தம்பி இரண்டு புரோகிராமுக்கும் பொதுவாக, 'பப்ளிக்' என்று போட்டுவிட்டார். அது காலியாக இருந்தால் புரோகிராம் மார்க்கா கேட்கும். ஏதாவது கிடந்தால் கேட்காமல் அதையே போட்டுக்கொள்ளும். ஒன்றில் போட்டது மற்றதில் கலந்துவிடாதா என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

"தண்ணிப் பானைக்கு ஒரே டம்ளர்தானே வச்சிருக்கீங்க? எல்லாரும் குடிக்கலையா அண்ணே?"

கரண்டு

ஆள் மாறும்போது பழைய மார்க்காவை நாம்தான் அழிக்க வேண்டும். அவசரத்தில் விட்டுப்போகும். முந்தினவர் மார்க்கா அடுத்தவர் சீட்டில் வந்து நிற்கும். அதனால் ஒவ்வொரு சீட்டையும் வாசித்துத்தான் கொடுப்பேன். தாமதம் என்று ஏச்சு வாங்குவேன். கரண்டு போய் வந்தால் மட்டும் மெமரி துடைத்துவிட்டதுபோல் ஆகி, மார்க்காவை ஒழுங்காகக் கேட்கும். முதலாளி இதைக் கவனித்துவிட்டு, எடைக்கு நின்றவர்கள் முன்னால் சத்தமாகச் சொன்னார்.

"கரண்டு போனாத்தான் ஒங்க மிசினு ஒழுங்கா ஓடுது. மெயினை அமத்திப்புட்டு சோலியப் பாருங்க!"

வேல்

குரங்கணி கருப்பையாவின் சரக்குக்கு வேல் மார்க்கா. அந்த மூட்டை என்றால் வியாபாரிகள் பிரித்துப் பார்க்காமலே எடுப்பார்கள். ஒருநாள் வேறொருவர் சரக்குக்குச் சீட்டு போட்டுக்கொண்டிருந்தேன். பாதியில் கருப்பையா வந்து, "ஜீப்பு நிக்குதுண்ணே, அடுத்த லோடுக்கு வெரசா லேபிள் குடுங்க" என்றார். இருந்த மார்க்காவை அழித்து, வேல் என்று போட்டு லேபிள் அடித்துக் கொடுத்துவிட்டு, சீட்டை விட்ட இடத்தில் தொடர்ந்தேன். மற்றவரின் மிச்ச மூட்டைகள் எல்லாம் வேல் மார்க்காவில் ஏறின. வாசிக்க எடுத்த சீட்டுகளை முதலாளி பிடுங்கி, மூட்டைகளில் கட்டி அனுப்பிவிட்டார்.

அது சரியாகக் காயாத சரக்கு. வாங்கியவரிடம் போய்ப் பூசணம் பூத்தது. அடுத்த முறை அந்த வியாபாரி கருப்பையாவின் மூட்டைக்குள் கையை விட்டுக் கிளறினார். ஒரு காயை உடைத்து முகர்ந்து கீழே போட்டார்.

"வேலு துருப்பிடிச்சுப் போச்சுப்பா."

ஒரு வரி

மதுரைத் தம்பி வந்து என் லேபிள் புரோகிராமின் தலையில் 'பிரைவேட்' என்று ஒரு வரி சேர்த்தார். இனி அங்கே போடும் மார்க்கா அந்த வேலையோடு போய்விடும். வெளியே இருப்பது கெடாது. முதலாளி அவருக்குக் காபி வாங்கிக் கொடுத்தார். தவறு நம்முடையது என்று வியாபாரியிடம் சொல்ல மட்டும் வரமாட்டேன் என்றார். கடை பேர் கெட்டுவிடுமாம். நானே போய்ச் சொன்னேன். வியாபாரிகள் நம்பாமல் சிரித்தார்கள். கருப்பையாவைக் கூப்பிட்டு அந்த வரியைத் திரையில் காட்டினேன்.

"மிசின்ல அழிச்சிட்டீக, சரி. ஊரு வாயில எந்தப் பொத்தானை அமுக்கி அழிப்பீகண்ணே?"

அதற்குப்பின் நான் எழுதிய எந்தப் புரோகிராமிலும் ஒருவர் மார்க்கா இன்னொருவர் சரக்கில் ஏறியதில்லை; கருப்பையாதான் கடைசிவரை தன் காயை மச்சினன் மார்க்காவில் போட்டு விற்றார்.