மஞ்சளான வெள்ளைச் சேட்டு

விசுவமடுவில் காணி கிடைத்துக் குடியேறிய இரண்டாம் வருடம் எனக்குக் கண் மஞ்சளாகியது. கீழ்க்காய்நெல்லியை அரைத்து மோரில் குடித்தேன். பத்து நாளில் மஞ்சள் போய்விட்டது. அன்றிலிருந்து ஊருக்கு நான்தான் வைத்தியர். காமாலை என்று வந்த எல்லோருக்கும் அரைத்துக் கொடுத்தேன்.

மூன்று மாதத்தில் எனக்கே மஞ்சள் திரும்பி வந்தது, போனது, மறுபடி வந்தது. வைத்தியருக்கே காமாலை என்றால் மதிப்பு என்னாவது? கறுப்புக் கண்ணாடி ஒன்று வாங்கிப் போட்டுக்கொண்டேன்.

அந்த நாட்களில்தான் முல்லைத்தீவில் வாங்கிய வெள்ளைச் சேட்டின் கழுத்துப்பட்டி மஞ்சளாகியது. துணிக்கடை நானாவிடம் சண்டைக்குப் போனேன்.

"என்ன துணி நானா வித்தனீங்கள்? ரெண்டு கிழமையில மஞ்சளாப் போச்சு!"

அவர் சேட்டைப் பார்த்தார். பிறகு மெதுவாக என் கண்ணாடியைக் கழற்றினார்.

"அண்ணை, சாயம் என்ர துணியில இல்லை. உங்களிலதான்."

உடனே கடையைப் பூட்டிவிட்டு, என்னை பஸ்ஸில் வவுனியா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். அங்கிருந்து கொழும்புக்கு அனுப்பினார்கள். பித்தக்குழாய் குடலோடு சேரும் வாசலில் ஒரு சின்னக் கட்டி என்றார் டொக்டர். மிக அபூர்வமானதாம், மெல்ல வளருமாம், 'கார்சினோயிட்' என்று பெயராம். அது வழியை அடைத்தபோது மஞ்சள் வந்தது, விட்டபோது போனது. என் கீழ்க்காய்நெல்லிக்கு அதில் பங்கே இல்லை. கட்டியை வெட்டி எடுத்தார்கள். என்னிடம் மருந்து குடித்துவிட்டுப் போனவர்களை நினைத்துத்தான் எனக்கு வியர்த்தது.

இப்போதும் மஞ்சள் கண்ணோடு ஆட்கள் வருகிறார்கள். வவுனியா பஸ் நேரத்தை மட்டும் சொல்கிறேன்.

"மனுசன் மருந்தை ஒளிக்கிறார்" என்று திட்டுகிறார்கள்.

திட்டட்டும். திட்டிக்கொண்டே பஸ்ஸில் ஏறினால் சரி.