தண்ணீரைத் தடுக்க வேண்டிய தோல்

ஆம்பூரிலிருந்து கடலைப் பார்க்க வேண்டுமென்றால் அரை நாள் பயணம். பக்கத்திலிருக்கும் பாலாறு பெயரளவில்தான் ஆறு. அதில் தண்ணீர் ஓடிய நாட்களைவிட மணல் லாரி ஓடிய நாட்கள் அதிகம். தண்ணீரில் இறங்கும் விமானங்களைப் பற்றி ஓயாமல் பேசுகிற ஒருவர் இந்த ஊரில்தான் இருக்க வேண்டும் என்பது யாருடைய ஏற்பாடோ தெரியவில்லை. நாகேந்திரன் இருக்கிறார்.

அவர் குடியாத்தத்தில் லுங்கி நெய்கிற வீட்டில் பிறந்தவர். தறிச் சத்தத்துக்குப் பயந்து கடற்படையில் சேர்ந்தார். கடற்படை அவரை விமானப் பிரிவுக்கு அனுப்பி, தறியைவிடப் பல மடங்கு சத்தம் போடும் இஞ்சின்களுக்குப் பக்கத்தில் நிறுத்தியது. கொச்சி, கோவா, கடைசியில் அரக்கோணம். அரக்கோணத்தில் கடற்படைக்குப் பெரிய விமான தளம் உண்டு. சுற்றிலும் அலை இல்லை, நெல் வயல்தான். "நேவியில அத்தினி வருஷம் இருந்தேன், கப்பல்ல வாந்தி எடுத்தது ஒரே ஒரு வாரம்" என்று அவரே சொல்வார்.

ஓய்வு பெற்றபின் ரஃபி அகமதுவின் தோல் தொழிற்சாலையில் இயந்திரங்களைப் பழுது பார்க்கும் வேலை. அங்கே டீ நேரத்தில் கடற்படை விமானங்களின் வரலாறு தினமும் நடக்கும்.

"நம்ம நேவி மொத மொதல்ல வாங்குன விமானம் சீலேண்ட். அம்பத்து மூணுல கொச்சிக்கு வந்துச்சி. தரையிலயும் எறங்கும், தண்ணியிலயும் எறங்கும்."

"ரெண்டுலயும் எறங்குறது எதுலயாச்சும் ஒழுங்கா எறங்குமாண்ணா?" என்பார் சம்பூர்ணம். தோலுக்குக் கடைசிப் பக்குவம் பார்க்கும் பிரிவு அவர் கையில் இருந்தது. அவர் பேச்சுக்குத் தொழிற்சாலையில் மறுபேச்சு கம்மி.

"ரெண்டாம் உலகச் சண்டையில வெள்ளக்காரன் செங்குன்றம் ஏரியில தண்ணியில எறங்குற விமானங்கள நிறுத்தி வெச்சிருந்தாம்மா. மெட்ராஸ்காரன் குடிக்கிற தண்ணியில."

"அதான் அந்தத் தண்ணி அப்படி இருக்குது."

கேலியை விட்டுவிட்டுப் பார்த்தாலும் அந்த வரலாறு கொஞ்சம் விசித்திரமானதுதான். நீரிலும் நிலத்திலும் இறங்கும் விமானத்தோடு தொடங்கிய ஒரு விமானப் படை, கொஞ்ச காலத்திலேயே அவற்றை ஓரங்கட்டிவிட்டது. மிஞ்சிய ஒன்று கோவா அருங்காட்சியகத்தில் காய்ந்த தரையில் நிற்கிறது. இன்று அரக்கோணத்திலிருந்து கிளம்பும் நீண்ட தூர விமானங்கள் பெருங்கடல் முழுக்க நீர்மூழ்கிகளைத் தேடுகின்றன. ஆனால் அவை தண்ணீரைத் தொட்டால் அது விபத்து. நீரில் இறங்கும் பெரிய விமானம் வாங்குவதற்கு ஜப்பானோடு பல ஆண்டு பேசினார்கள். அந்தப் பேச்சுவார்த்தை எங்கேயும் இறங்கவில்லை.

ரஃபி அகமது செய்வது ஷாமி தோல். ஆட்டுத் தோலின் உட்பக்கத்தைப் பிரித்து, மீன் எண்ணெயில் பதப்படுத்தி, துணி போல மெதுவாக்கியது. கார் துடைப்பவர்களும் கண்ணாடி துடைப்பவர்களும் வாங்குவார்கள். நல்ல ஷாமிக்கு இலக்கணம் ஒன்றுதான்: தண்ணீரைக் கண்டதும் குடிக்க வேண்டும்.

அதே தோலுக்கு இன்னொரு பழைய வேலையும் உண்டு. பெட்ரோலில் ஓடும் விமானங்களுக்கு எரிபொருளை இந்தத் தோல் வழியாக வடிகட்டி ஊற்றுவார்கள். தோலை முதலில் பெட்ரோலில் நனைத்துவிட்டால் பெட்ரோல் கீழே இறங்கும், கலந்திருக்கும் தண்ணீர் மேலேயே நிற்கும். அந்த இடத்தில் ஷாமியின் கடமை தண்ணீரைக் குடிப்பதல்ல, அதை உள்ளே விடாமலிருப்பது.

ஏப்ரல் கடைசியில் இன்பராஜ் போன் செய்தார். ஜோலார்பேட்டை ரயில்வே குடும்பத்துப் பிள்ளை. கொச்சி நாட்களிலிருந்தே நாகேந்திரனுக்கு தோஸ்த். ஓய்வு பெற்ற கமாண்டர் பிரேம்குமார் ஒரு பழைய சிறிய விமானத்தை வாங்கிச் சீர் செய்திருக்கிறார், நீரிலும் இறங்கும் வகை, இன்பராஜ்தான் அதற்கு மெக்கானிக். மே மாதம் கடற்படை விமானப் பிரிவின் பிறந்த நாளன்று ஆந்திர எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு தனியார் ஓடுதளத்திலிருந்து கிளம்பி, பக்கத்து ஏரியில் இறக்கிக் காட்டப் போகிறார்கள்.

"பெட்ரோல் பீப்பாய்லதாண்டா வருது. வடிகட்ட ஷாமி வேணும். கடையில விக்கறதெல்லாம் பிளாஸ்டிக் கலப்படம். உன் ஊரு சரக்கு அனுப்பு."

"அனுப்பறேன். கண்ண மூடிட்டு ஊத்தலாம்" என்றார் நாகேந்திரன்.

மகிழ்ச்சியில் அவர் ஒரு காரியம் செய்தார். நல்ல தோலாக நான்கைந்து பொறுக்கி, சம்பூர்ணத்திடம் கொடுத்து, "விமானத்துக்குப் போறதும்மா. மத்த சரக்கவிட ஒருபடி ஜாஸ்தியாவே செய்யி" என்று சொன்னார்.

சம்பூர்ணம் அப்படியே செய்தார்.

பிறந்த நாள் காலை. நாகேந்திரன் ஒரு மோட்டாருக்கு பெல்ட் மாற்றிக்கொண்டிருந்தார். சம்பூர்ணம் தோல்களை மடித்து அடுக்கியபடி சொன்னார்: "இன்னிக்குத்தானண்ணா உங்க ஏரோப்பிளேன் பறக்குது? அந்தத் தோல ரெண்டு வாட்டி சோப்புத் தண்ணியில ஊறவெச்சி, பிழிஞ்சி, நிழல்ல ஒலத்தி அனுப்புனேன். பஞ்சு மாதிரி இருக்கும். ஒரு குவளத் தண்ணிய ஊத்துனா ஒரு சொட்டு வெளிய நிக்காது."

நாகேந்திரன் கையிலிருந்த ஸ்பேனர் கீழே விழுந்தது. சோப்பு ஏறிய தோலுக்குப் பெட்ரோலும் தண்ணீரும் ஒன்று, இரண்டையும் இறக்கிவிடும்.

"இன்னாண்ணா, தப்பா செஞ்சிட்டனா?"

"நீ சரியாத்தான் செஞ்சிருக்கிற. அதாம்மா பேஜார்."

இன்பராஜின் போன் அணைக்கப்பட்டிருந்தது. எரிபொருள் ஊற்றும் இடத்தில் போனை அணைத்துவிடுவது கடற்படையில் கற்ற ஒழுங்கு. கற்றுக்கொடுத்தவர்களில் நாகேந்திரனும் ஒருவர். பிரேம்குமாரின் எண்ணுக்கு மலைக்கு அந்தப் பக்கம் சிக்னல் இல்லை. முந்தின வாரம் முழுக்கக் கோடை மழை. வெளியே நின்ற பீப்பாய்களின் மூடி வழியாகத் தண்ணீர் இறங்கியிருக்கும். இன்பராஜ் தோலைச் சோதித்துப் பார்த்திருக்க மாட்டார். கண்ணை மூடிக்கொண்டு ஊற்றச் சொன்ன ஆள் அப்படிப்பட்டவர்.

ரஃபி அகமது விஷயத்தைக் கேட்டதும் கார் சாவியை எடுத்தார். "ஏறு நேவி."

"நானும் வர்றேன்" என்றார் சம்பூர்ணம். கையில் சோப்புப் படாத தோல் ஒரு கட்டு இருந்தது. "அங்க போயி வேற தோலுக்கு எங்க போவீங்க?"

பேரணாம்பட்டு தாண்டி மலைப்பாதை. கொண்டை ஊசி வளைவுகளில் தக்காளி லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக இறங்கிக்கொண்டிருந்தன. ரஃபி அகமது வாழ்நாளில் யாரையும் முந்திச் சென்றதில்லை. அன்று முந்தினார், ஒவ்வொரு முறையும் மன்னிப்புக் கேட்பது போல ஹாரன் அடித்தபடி. நாகேந்திரன் விடாமல் போனை அழுத்திக்கொண்டே இருந்தார்.

"தண்ணி போனா இன்னா ஆவும்?" என்று பின் இருக்கையிலிருந்து சம்பூர்ணம் கேட்டார்.

"கொஞ்ச நேரம் ஓடும். தரையில எல்லாம் ஒழுங்காத்தான் இருக்கும். மேல ஏறும்போது இஞ்சின் நின்னுடும்."

"எறங்க முடியாதா? அது தண்ணியிலயும் எறங்கும்னீங்களே."

"ஏரி வர்ற வரைக்கும் கீழ வெறும் பாறதாம்மா."

எல்லைச் சாவடிக்குப் பக்கத்தில் சாலை முழுக்க ஆட்டு மந்தை. ஆம்பூர் தோல் தொழிலின் மூலப்பொருள், ஆம்பூர் முதலாளியின் காரை அவசரமில்லாமல் சுற்றிக்கொண்டு போனது. ரஃபி அகமது ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு உருதுவில் ஏதோ முணுமுணுத்தார்.

ஓடுதளத்தின் ஓரத்தில் பந்தல். நாற்காலிகளில் முன்னாள் கடற்படைக்காரர்கள், சில ஊர்ப் பெரியவர்கள், மாலைகள். விமானம் பந்தலருகே இல்லை. வெள்ளையாக, படகின் மேல் இறக்கை வைத்தது போல, தலைக்கு மேலே ஒற்றை இஞ்சினோடு, அது ஓடுதளத்தின் மறு கோடியில் திரும்பி நின்று உறுமிக்கொண்டிருந்தது.

"உள்ள ஓட்டுங்க பாய்."

"ஓடுதளத்துல வண்டி ஓட்டுனா கேஸாகும்யா."

"ஓட்டுங்க."

ஓட்டினார். நடு ஓடுதளத்தில் காரைக் குறுக்கே நிறுத்திவிட்டு, இறங்கத் தோன்றாமல் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார். நாகேந்திரன் இறங்கி இரண்டு கைகளையும் தலைக்கு மேலே குறுக்காக வைத்து நின்றார். விமானத்தை நிறுத்தச் சொல்லும் சைகை. கடற்படையை விட்டபின் அதை ஒருமுறையும் செய்ததில்லை. விமானம் நகரத் தொடங்கியிருந்தது. மூக்கு கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாகி வந்தது. பிறகு உறுமல் தாழ்ந்து, விசிறி நின்று, வெயில் மட்டும் மிச்சமிருந்தது.

பிரேம்குமார் இறங்கி வந்தார். நெட்டையான மனிதர், கோபத்தை மரியாதையாகப் பேசும் பழக்கமுள்ளவர். "நாகேந்திரன், காரணம் சொல்லுங்க."

சொன்னார். பிரேம்குமார், விமானத்திலிருந்து பின்னாலேயே இறங்கிய இன்பராஜைப் பார்த்தார். "தோலைச் சோதிச்சீங்களா?"

இன்பராஜ் நாகேந்திரனைப் பார்த்தார். "இவன் அனுப்புனது சார்."

எரிபொருள் தொட்டியின் அடிக்குழாயைத் திறந்து ஒரு கண்ணாடிக் குப்பியில் பிடித்தார்கள். விமானப் பெட்ரோலுக்கே உரிய நீல நிறம், சுத்தமாக. இன்னொரு முறை பிடித்தார்கள். அதுவும் சுத்தம். பந்தலிலிருந்து ஒருவர் கைக்கடிகாரத்தைக் காட்டி ஏதோ சத்தமாகச் சொன்னார்.

"ஆம்பூர்லர்ந்து இவ்ளோ தூரம் வந்து விழாவ கெடுத்திருக்கிற" என்றார் இன்பராஜ், சிரிக்க முயன்றபடி.

தண்ணீர் இருந்தால் தன் தோல் கெட்டது; இல்லாவிட்டால் தன் புத்தி கெட்டது. இரண்டில் எதை வேண்டிக்கொள்வதென்று நாகேந்திரனுக்குப் புரியவில்லை.

பிரேம்குமார் குப்பியை வெயிலுக்கு எதிரே பிடித்துப் பார்த்தார். "இப்பதான் குலுங்கி நின்னிருக்கு. தண்ணி இருந்தா கலங்கி மேலதான் இருக்கும். அடங்கி அடியில எறங்கட்டும்." பந்தலைத் திரும்பிப் பார்க்காமல் இறக்கையின் நிழலில் உட்கார்ந்தார்.

காத்திருந்தார்கள். முக்கியமான விருந்தினர் முதலில் கிளம்பினார், அவரைத் தொடர்ந்து அவருக்காக வந்தவர்கள். முன்னாள் கடற்படைக்காரர்கள் மட்டும் அசையவில்லை. விமானம் கிளம்பாததைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் அவர்களுடைய பணிக்காலத்தில் பாதி. சம்பூர்ணம் தோல் கட்டை மடியில் வைத்துக்கொண்டு, குப்பியிலிருந்து கண்ணை எடுக்காமல் இருந்தார்.

மூன்றாவது முறை பிடித்தபோது குப்பியின் அடியில் பாதரசம் போல நான்கைந்து மணிகள் உருண்டன. குப்பியைச் சாய்த்ததும் ஒன்று சேர்ந்து ஒரே பெரிய மணியானது.

"தண்ணி" என்றார் சம்பூர்ணம் மெதுவாக.

இன்பராஜ் தலையைச் சொறிந்தார். "இவ்ளோ கொஞ்சத்துக்கு நிக்குமா சார்? நிக்காம கூடப் போயிருக்கும்."

"போயிருக்கலாம்" என்றார் பிரேம்குமார். "போகாமலும் இருந்திருக்கலாம். பறந்து பார்த்துச் சொல்ற மாதிரி கேள்வி இல்ல இது."

ஆக, நாகேந்திரன் இரண்டு உயிரைக் காப்பாற்றினாரா, ஒரு விழாவைக் கெடுத்தாரா என்பது முடிவாகவில்லை. இன்றுவரை முடிவாகவில்லை.

ஏரியில் இறங்குவதற்கான அனுமதி அன்று பொழுது சாயும்வரைதான். தொட்டியை முழுக்கக் காலி செய்து, பீப்பாய்களைத் திறந்து, எல்லாவற்றையும் புதிதாக வடிகட்டினார்கள். சம்பூர்ணம் கொண்டுவந்த தோல் முரடாக இருந்தது, மீன் வாடை குப்பென்று அடித்தது. அதைப் பெட்ரோலில் நனைத்து, மேலே தண்ணீர் ஊற்றி நாகேந்திரன் சோதித்தார். தண்ணீர் உருண்டு நின்றது. சம்பூர்ணம் அதை நம்பாமல் விரலால் அழுத்திப் பார்த்தார். "இப்படி ஒண்ண நான் அனுப்புனா கஸ்டமர் திருப்பி அனுப்பிடுவாரு" என்றார். ரஃபி அகமது சட்டைக் கையை மடித்துப் புனலைப் பிடித்துக்கொண்டார். கடைசிப் பீப்பாயின் அடியிலிருந்ததை ஊற்றியபோது மட்டும் தோலின் மேல் ஒரு கை அளவு தண்ணீர் தேங்கியது. அதைப் பார்த்தபின் இன்பராஜ் வாதம் செய்யவில்லை.

பிரேம்குமார் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார். "இந்த பெட்ரோலுக்கு யார் பொறுப்பு?"

"நான் சார்" என்றார் நாகேந்திரன்.

"அப்ப ஏறுங்க. பின் சீட்டு காலி."

நாகேந்திரன் நின்றார். விமானங்களோடு வாழ்ந்தவர்களில் பெரும்பாலோர் தரையில்தான் வாழ்ந்தார்கள், அவரும் அப்படித்தான். இஞ்சினை மூடி அனுப்பிவிட்டு, திரும்பி வரும்வரை வானத்தைப் பார்ப்பது அவர் தொழில். வானத்திலிருந்து தரையைப் பார்ப்பது வேறு ஆட்களுடைய தொழில்.

"பயமாண்ணா?" என்றார் சம்பூர்ணம்.

"உன் தோலு மேல நம்பிக்கை இருக்குதும்மா. பீப்பாய் மேலதான் இல்ல."

ஏறினார். விமானம் ஓடி, எழும்பி, மலை விளிம்பைத் தாண்டியது. முன்னால் இருவர் தோள்கள், நடுவில் எரிபொருள் காட்டும் முள். நாகேந்திரன் அந்த முள்ளைப் பார்த்தபடி தலைக்கு மேலே இஞ்சினைக் கேட்டுக்கொண்டிருந்தார். ஒருமுறை அது லேசாகச் சுருதி மாறியது. அவர் விரல்கள் இருக்கையில் பதிந்தன. ஏரியில் இறங்குவதற்காகப் பிரேம்குமார்தான் இஞ்சின் வேகத்தைக் குறைத்திருந்தார்.

அடிப்பகுதியில் பலமாக ஏதோ அறைந்தது; இருபக்கமும் வெள்ளைச் சுவர் எழுந்தது; அறைதல் மெல்லத் தட்டலாகி, பிறகு ஆட்டமாகியது. கரையில் மாடு மேய்த்தவர்கள் கையசைத்தார்கள்.

இன்பராஜ் திரும்பிப் பார்த்து, "டேய், ஏரியில இருக்கோம்டா. வெளிய பாரு" என்று கத்தினார்.

"இரு. இஞ்சின நிறுத்துனப்புறம் பாக்கறேன்."

"இங்க நிறுத்துனா திரும்பி எப்படிடா போறது?"

விமானம் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு காற்றுக்கு எதிராகத் திரும்பியது. நாகேந்திரன் பார்வை முள்ளை விட்டு நகரவில்லை.