ஐஸ் ரோட்டு டயர்

தீவு நகரமான ஜார்ஜ் டவுனில் பழைய டயர் விற்ற ஒருவர், எந்த டயரையும் முதலில் கட்டைவிரல் நகத்தால் அழுத்திப் பார்ப்பார். ஒல்லியான உடம்பு, முழங்கை வரை ரப்பர் கறுப்பு. எண்பதுகளில் ஒருநாள், குடும்பத்தோடு காரில் ஈப்போ நகரில் ஒரு கல்யாணத்துக்குப் புறப்படும் முன், அவர் கடையில் ஆழமான வரிகளுள்ள ஜப்பான் டயர்களைக் கேட்டேன்.

அவர் நகத்தைப் பதித்தார். “வேணாம் அண்ணே. இது பனி ரோட்டு டயர். ரப்பர் மெத்துன்னு இருக்கறதாலதான் ஐஸைப் பிடிக்குது. நம்ம வெயில்ல சீக்கிரம் தேஞ்சிரும் லா.”

“நீங்க ஐஸ் ரோட்டப் பாத்திருக்கீங்களா?”

“சிரப் ஊத்தித் திங்கிற ஐஸ் கச்சாங் கிண்ணத்துலதான் ஐஸ் பாத்திருக்கேன். ஆனா ஒரு செட்டை என் காடியிலயே போட்டு ஓட்டிப் பாத்தேன்” என்று, மூலையில் வழவழவென்று தேய்ந்து கிடந்த நான்கு டயர்களைக் காட்டிச் சிரித்தார்.

வேறு டயர் போட்டுக்கொண்டு கல்யாணத்துக்கு நேரத்தோடு போய்ச் சேர்ந்தோம். விற்க வாங்கிய சரக்கைத் தானே தேய்த்துப் பார்த்த வியாபாரி வேறு யாரையும் நான் இதுவரை சந்திக்கவில்லை.