முட்டைக்குள் சேரும் வெயில்

ஏணியின் பாதியில் நின்றபடி, அண்ணன் தோட்டத்து ஆப்பிள் கிளையின் நிழலில் தொங்கும் வெள்ளைப் பெட்டிக்குள் தங்கை எட்டிப் பார்க்கிறார். உள்ளே வெப்பமானி. பெட்டியை யாராவது வெயில்பக்கம் திருப்பி வைத்துவிட்டால் அன்றைக்கு வீடு இரண்டுபடும். "காய்ச்சக்காரன் வாயில வைக்கிற தெர்மாமீட்டரை அடுப்புல வைப்பீங்களா?" என்று சத்தம் போடுவார்.

தோட்டக்காரர்கள் இவருக்கு வைத்த பெயர் பூச்சி ஜோசியர். வேலை பூச்சி ஆய்வு நிலையத்தில். விடுமுறையிலும் அண்ணன் தோட்டத்தில் அதே வேலைதான். மரத்தில் கட்டிய பசைப்பொறியில் முதல் ஆண் அந்துப்பூச்சிகள் ஒட்டிய நாள்முதல், முட்டை வளராமல் நிற்கும் குளிரின் எல்லையைத் தாண்டிச் சேரும் சூட்டை மட்டும் தினமும் கூட்டிக்கொண்டே வருவார். கூட்டுத்தொகை ஒரு குறியைத் தொடும்போது அந்தப் பூச்சியின் முட்டை பொரிந்து, காயைத் துளைக்கும் புழு வரும் என்பது கணக்கு. மேகம் மூடினால், "இன்னிக்கு அதுக்குப் பட்டினி" என்பார், தன் பிள்ளை சாப்பிடாததைச் சொல்வதுபோல. மூக்குக்கண்ணாடிக் கயிற்றிலேயே ஒரு லென்ஸும் தொங்கும். தட்டில் விழுந்த கீரையைக்கூட அதால் ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் கைவைப்பார்.

போன வருஷம் அண்ணன் தேதி பார்த்து மருந்தடித்தார். மருந்தின் வீரியம் தீர்ந்தபின் புழு வந்தது. காய்க்குள் புகுந்துவிட்டதை எந்த மருந்து எட்டும்? பாதிக் காய் மண்ணுக்குப் போயிற்று. இந்த வருஷமும் போனால் தோட்டத்தை விற்பதைத் தவிர வழியில்லை. சுற்றிலும் எல்லாத் தோட்டங்களிலும் மருந்து வாடை அடிக்கிறது; தங்கையோ அண்ணன் கையைக் கட்டிப்போட்டிருக்கிறார்.

"ஊரே அடிச்சு முடிச்சிருச்சு. உனக்கு மட்டும் அது தனியாச் சொல்லிட்டு வருமா?"

"முட்டைக்குள்ள யாரும் காலண்டர் மாட்டலண்ணே. அதுக்கு வெயில்தான் சோறு. குளிரடிச்ச நாளெல்லாம் அது வளரவே இல்ல. வயிறு நிறையட்டும்."

கணக்கு தப்பினால் நாத்தனார் வந்து கடனடைப்பாரா என்று அண்ணி சுவரைப் பார்த்துக் கேட்டார். நாத்தனார் அன்றைய சூட்டைக் கூட்டி எழுதிக்கொண்டிருந்தார்.

வெயில் திரும்பியது. தொகை குறியைத் தொட்ட காலையில் அண்ணன் தெளிப்பானின் விசையில் விரல்வைத்து, தங்கையின் கைச்சைகைக்காக நிற்கிறார். இவர் ஓர் இலையைத் திருப்பி முகத்தோடு ஒட்டிக்கொள்கிறார். குண்டூசித் தலையளவு முட்டை. உள்ளே ஒரு கறுப்புப் புள்ளி அசைகிறது. அசைந்து, ஓட்டைக் கடித்துத் திறந்து, மயிரிழைப் புழுவொன்று வெளிச்சத்துக்குள் தலைநீட்டுகிறது.

"வந்துருச்சா?" அண்ணன் கேட்கிறார்.

 கொஞ்சம் பொறு என்பதுபோல் இடக்கை மட்டும் உயர்கிறது. புழு தன் முழு உடலையும் இழுத்துக்கொண்டு வெளியே வரும்வரை அந்தக் கை அப்படியே நிற்கிறது. பிறகு மருந்துக்கு வழிவிட்டு மரத்திலிருந்து விலகி, உயர்த்திய கையை மெல்ல இறக்குகிறார்.