லாவோஸில் ஒரு காசி

அந்தப் பேருந்து கிளம்பிப் போனபோது நான் கழிப்பறையிலிருந்து வெளியே வந்து, ஈரக் கையைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டிருந்தேன். அதன் பின்கண்ணாடியில் ஒட்டியிருந்த மஞ்சள் பூ ஸ்டிக்கர் மலைவளைவில் திரும்பி மறைவதை வேடிக்கை பார்த்தேன். அது நாங்கள் வந்த பேருந்து என்று உறைக்கச் சற்று நேரமாயிற்று. என் வீட்டுக்காரர், இரண்டு முதுகுப்பைகள், என் கைபேசி எல்லாம் அதில் போய்விட்டன. என்னிடம் மிஞ்சியது கழுத்தில் தொங்கிய சின்னத் துணிப்பையும் அதற்குள் இருந்த பாஸ்போர்ட்டும்தான். மலைப்பாதையில் குமட்டும் என்று அவர் மாத்திரை போட்டுக்கொண்டு முன்சீட்டில் தூங்கிவிட்டார். பக்கத்தில் இடமில்லாததால் நான் கடைசி சீட்டில் இருந்தேன். நான் ஏறிவிட்டேனா என்று பார்க்க அந்த வண்டியில் யாருமில்லை.

இந்தப் பயணமே அவருடைய யோசனை. சேதராப்பட்டுத் தொழிற்பேட்டையில் அவர் வேலை பார்த்த கம்பெனி ஆட்களைக் குறைத்தபோது விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வீட்டில் உட்கார்ந்தார். மகள் கல்யாணமாகி பிரான்சுக்குப் போய்விட்டாள். நான் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை முடித்து முதலியார்பேட்டை வீட்டுக்குத் திரும்பும்போது, டிவி ஒரு பக்கம் ஓட, அவர் இன்னொரு பக்கம் பார்த்துக்கொண்டிருப்பார். ஒருநாள் கடற்கரைச் சாலையில், ஆள் உயரப் பையைச் சுமந்துகொண்டு போன ஒரு வெள்ளைக்கார ஜோடியைக் காட்டி, "காலம் பூரா அவங்கதான் நம்ம ஊருக்கு வந்து சுத்துறாங்க. நாம ஏன் அப்படிப் போவக் கூடாது?" என்றார். விளையாட்டு என்று நினைத்தேன். அடுத்த வாரம் பைகள் வந்தன. அதற்கடுத்த வாரம் டிக்கெட் வந்தது. தாய்லாந்து, லாவோஸ், வியட்நாம், கம்போடியா. எனக்குப் போக விருப்பமா என்று அவர் கேட்கவில்லை. நானும் எனக்கு விருப்பம்தானா என்று என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. என் நாத்தனார் என் பையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இந்த வயசுல சுமை தூக்கிக்கினு நடக்கிறதா இருந்தா காசிக்காவது போவக் கூடாதா?" என்று சிரித்தார்.

பேருந்து நின்ற இடம் மலையடிவாரத்தில் ஒரு சின்ன ஊர். சாலையோரத்தில் ஒரு நூடுல்ஸ் கடை. அதை நடத்தியவள் என் வயதுக்காரி. கணுக்கால்வரை தொங்கும் கட்டம்போட்ட பாவாடையும், மேலே கால்பந்துக்காரர்கள் போடுவதுபோல ஒரு சட்டையும் போட்டிருந்தாள். நான் சாலையைக் காட்டினேன், என்னைக் காட்டினேன், ஸ்டியரிங் பிடிப்பதுபோல் கையைச் சுற்றினேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு சட்டென்று சிரிப்பை நிறுத்தி, என் தோளைப் பிடித்து ஒரு நாற்காலியில் உட்கார வைத்தாள். இது எந்த ஊர் என்று கையை விரித்துக் கேட்டேன். அவள் தரையைச் சுட்டிக்காட்டி, "காசி" என்றாள். மறுபடி கேட்டேன். "காசி, காசி" என்று அழுத்திச் சொல்லி, கடைப் பலகையில் ஆங்கிலத்தில் எழுதியிருந்ததையும் காட்டினாள். அதிலும் அப்படித்தான் இருந்தது.

சாயங்காலம் டிரைவரின் போனிலிருந்து கடைக்கு அழைப்பு வந்தது. அவள் போனை என் காதில் வைத்தாள்.

"எங்க இருக்க நீ?" என்றார் என் வீட்டுக்காரர்.

"தெரியல. காசின்னு சொல்றாங்க."

"என்ன வெளையாடுறியா?"

"நெஜமாத்தாங்க. பலகையில எழுதியிருக்கு."

அவர் டிரைவரிடம் ஏதோ கேட்பது காதில் விழுந்தது. பிறகு, வழியில் மண் சரிந்து சாலை அடைத்துவிட்டது, நாளைக்குத்தான் வர முடியும் என்றார். "அங்கியே இரு. எங்கியும் போவாத" என்று வைத்துவிட்டார். அதே பதற்றத்தில் அவர் என் நாத்தனாருக்கும் போன் செய்து, நான் காசியில் தனியாக மாட்டிக்கொண்டதாகச் சொல்லியிருக்கிறார். நாங்கள் கங்கைக்கரைக்குப் போய், கூட்டத்தில் நான் தொலைந்துபோனதாக முதலியார்பேட்டையில் இன்றைக்கும் சில சொந்தக்காரர்கள் நம்புகிறார்கள். தீர்த்தம் ஏன் கொண்டுவரவில்லை என்று ஒரு கல்யாண வீட்டில் என்னிடம் கேட்டார்கள்.

அந்தக் கடைக்காரிக்கு என்ன பெயர் என்று எனக்குத் தெரியாது. அவள் சொல்லத்தான் செய்தாள். என் நாக்கில் அது நிற்கவில்லை. மனதுக்குள் அக்கா என்றே கூப்பிட்டேன். சாப்பாட்டு நேரத்தில் அவள் பானைகளுக்கு முன் நின்று பன்றிபோல் உறுமிக் காட்டினாள். நான் தலையாட்டி மறுத்தேன். நெற்றியில் இரண்டு விரலைக் கொம்பாக வைத்துக் காட்டினாள். அதற்கும் வேண்டாம் என்றேன். பிறகு கொக்கரித்தாள். சரி என்றதும் கோழிக் குழம்பை ஊற்றினாள். கீரை வேண்டுமா, எலுமிச்சை வேண்டுமா, மிளகாய் எவ்வளவு என்று ஒவ்வொன்றையும் தூக்கிக் காட்டி, என் முகத்தைப் பார்த்துவிட்டே போட்டாள். கிண்ணம் நிறைந்தபோது துப்பட்டாவால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். ஏன் என்று அப்போது விளங்கவில்லை. பயமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் பயந்தவள் அப்படிக் குழம்பைக் கடைசிச் சொட்டுவரை குடிப்பாளா?

மறுநாள் காலையில் கடைக்குப் பின்னால் உட்கார்ந்து இருவரும் கீரை ஆய்ந்துகொண்டிருந்தோம். அவள் பேச ஆரம்பித்தாள். தனக்குத்தானே பேசுகிறாள் என்று நினைத்தேன். ஆனால் அடிக்கடி என் முழங்காலைத் தட்டிச் சொன்னாள். ஓரிடத்தில் வயிற்றைத் தொட்டுக் காட்டினாள், ஓரிடத்தில் மலைப்பக்கம் கையை நீட்டினாள், நடுவில் கண்ணீரைத் துடைத்துக்கொண்டாள், உடனேயே பெரிதாகச் சிரித்தாள். குழந்தையை இழந்த கதையா, ஓடிப்போன புருஷன் கதையா, இல்லை இரண்டும் இல்லாத ஏதோ ஒன்றா? அன்றும் தெரியவில்லை, இன்றும் தெரியாது. அவள் முடித்ததும் என்னைப் பார்த்தாள். இப்போது நீ சொல் என்பதுபோல் இருந்தது.

நான் தமிழில் சொன்னேன். யாரிடமும் சொல்லாததையெல்லாம் சொன்னேன். எனக்கு வந்த சென்னை வேலையை என்னைக் கேட்காமலே அவர் வேண்டாம் என்று எழுதி அனுப்பியதை, வீடு கட்டும்போது சமையலறை எந்தப் பக்கம் என்றுகூட என்னிடம் பேசாததை, அவர் கெட்டவர் இல்லை, அடித்ததில்லை, குடித்ததில்லை, அதனாலேயே யாரிடமும் குறை சொல்ல முடியாமல் போனதை. "நேத்து நீ ஒவ்வொண்ணா கேட்ட மாதிரி ஒரு நாளும் அவர் எங்கிட்ட கேட்டதில்லக்கா. எனக்குத் திரும்பிப் போவணும்னே தோணல. உங்கூடப் பாத்திரம் கழுவிக்கினு இங்கியே இருந்துடறேன்" என்றேன். சொல்லும்போதுதான் அப்படி ஓர் எண்ணம் இருப்பதே எனக்குத் தெரிந்தது. அவள் ஒரு வார்த்தையும் புரியாமல், ஒவ்வொன்றுக்கும் தலையாட்டிக்கொண்டிருந்தாள்.

அவள் பார்வை என்னைத் தாண்டிப் போனதைக் கண்டு திரும்பினேன். தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் என் வீட்டுக்காரர் நின்றார். ஒரு பை முதுகிலும் இன்னொன்று மார்பிலுமாக, கையை எங்கே வைப்பது என்று தெரியாதவர்போல் நின்றார். எப்போது வந்தார்? திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். "வேன் நிக்குது" என்று மட்டும் சொன்னார். அக்கா உள்ளே போய் வெள்ளை நூல் கொண்டுவந்து, வாழ்த்துபோல ஏதோ முணுமுணுத்தபடி என் மணிக்கட்டில் கட்டினாள். அவரும் கையை நீட்டினார். அவள் உடனே கட்டவில்லை, கட்டலாமா என்பதுபோல் என்னைப் பார்த்தாள். நான் தலையசைத்த பிறகே கட்டினாள்.

அதற்குப் பிறகுதான் எனக்குக் குழப்பம் அதிகமானது. வியட்நாமில் ஒரு காப்பிக் கடையில் அவர் முதல்முறையாக, "உனக்கு என்ன வேணும்?" என்று கேட்டார். நான் சுவரில் எழுதியிருந்ததைப் பார்த்தபடி நெடுநேரம் நின்றேன். எனக்கு என்ன வேண்டும் என்று எனக்கே தெரியவில்லை. கடைசியில் அவர் சொன்னதையே சொன்னேன். ரயிலா பேருந்தா, இன்றைக்கா நாளைக்கா, கோயிலா சந்தையா என்று எல்லாவற்றையும் கேட்க ஆரம்பித்தார். கம்போடியாவில் எனக்கு எரிச்சலே வந்து, "எதையாவது நீங்களே முடிவு பண்ணுங்க" என்று கத்திவிட்டேன். அவர் முகம் சின்னதாகிப்போனது. அவர் கேட்காதது குறை என்று சொன்னவளும் நான்தான், கேட்டதற்குக் கத்தியவளும் நான்தான். அன்று காசியில் நான் பேசியதில் எது அவர் காதில் விழுந்தது, எவ்வளவு விழுந்தது, இல்லை வேன் இரைச்சலில் எதுவுமே காதில் விழாமல் வெறுமனே களைத்துப்போய் நின்றிருந்தாரா? ஊர் திரும்பிய பிறகும் அவர் முகத்தையே பார்த்துப் பார்த்துக் கண்டுபிடிக்க முயன்றேன். முகம் எதையும் சொல்லவில்லை.

போன மாதம் குருசுக்குப்பத்தில் மீன் வாங்கிவிட்டுக் கடலோரமாக நடந்து வந்தோம். எனக்குப் பொறுக்கவில்லை. கேட்டுவிட்டேன்.

"அன்னிக்கு அந்தக் கடையில நான் பேசினத நீங்க கேட்டீங்களா?"

அவர் நிற்காமல் நடந்தார். கொஞ்ச தூரம் போய், "பாதியிலேர்ந்து" என்றார்.

"எந்தப் பாதி?"

"மெட்ராஸ் வேலையிலேர்ந்து."

அதற்கு முன்னால் நான் எதுவுமே சொல்லியிருக்கவில்லை. அதை அவரிடம் சொல்லவில்லை. "அப்ப ஏன் ஒண்ணும் கேக்கல?" என்றேன்.

"உன் பையை அங்கியே வச்சுட்டுத் திரும்பிப் போயிடலாமான்னு நெனச்சேன். அந்தம்மா பாத்துடுச்சு." மீன் பையைக் கை மாற்றிக்கொண்டார். "நெஜமாவே அங்க இருந்துடணும்னு இருந்துச்சா உனக்கு?"

"தெரியல" என்றேன். பொய் சொல்லவில்லை. பிறகு, முன்யோசனை எதுவும் இல்லாமல், "எனக்குக் கொஞ்ச நாள் தனியாப் போயிட்டு வரணும்" என்று என் வாயிலிருந்து வந்தது.

இத்தனை வருடத்தில் நான் இது வேண்டும் என்று அவரிடம் கேட்டது அதுதான் முதல்முறை. அவர் கடலைப் பார்த்தார். கோபமா, வருத்தமா, என்னால் சொல்ல முடியவில்லை. எங்கே என்று கேட்பார், யாரோடு என்று கேட்பார் என்று பதில்களைத் தேடிக்கொண்டே கூட நடந்தேன். வீட்டுத் தெரு வந்துவிட்டது. கேட்டைத் திறக்கும்போது, "என் பையை எடுத்துக்கினு போ. உன்னுதுல ஜிப்பு போயிடுச்சு" என்றார்.

அந்தப் பை இப்போது கட்டிலின் மேல் திறந்து கிடக்கிறது. இன்னும் ஒரு துணிகூட நான் அதில் வைக்கவில்லை. சமையலறையில் அவர் என் மாத்திரைகளை ஒரு டப்பாவில் பிரித்து அடுக்கிக்கொண்டிருக்கிறார். எத்தனை நாளுக்கு வைப்பது என்று அங்கிருந்தே கேட்கிறார். நான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.