நாய் நிற்கும் இடத்தில் அளந்தது

ராய்லி கார்ப்பினெனைக் கோபப்படுத்த, ஏதாவது ஒரு பெட்டியை அவள் கையில் கொடுத்தால் போதும். பெட்டியின் மேல் அச்சடித்திருப்பதை அவள் நம்புவதில்லை. காபித்தூள் ஐந்நூறு கிராம் என்று போட்டிருந்தால் நிறுத்துப் பார்ப்பாள். சரியாக ஐந்நூறு இருந்துவிட்டால் கொஞ்சம் ஏமாற்றமடைவாள்.

இது பிறவிக் குணம் அல்ல, வேலையில் ஏறிய குணம். மர அறுவை ஆலையில் இருபத்திரண்டு வருடங்களாக அவள்தான் தொழிலாளர்களின் பாதுகாப்புப் பிரதிநிதி. ஒவ்வொரு ரம்பத்தின் பக்கத்திலும் சத்தம் எத்தனை டெசிபல் என்று அளந்து சுவரில் ஒட்டுவது அவள் பொறுப்பு. காதுமூடி இல்லாமல் உள்ளே வந்த முதலாளியை, அவருடைய விருந்தாளிகள் பார்த்திருக்க, வாசலுக்குத் திருப்பி அனுப்பியவள். ஐம்பத்தெட்டு வயதிலும் அவளுக்கு இலை உதிர்வது கேட்கும் என்று பனிக்காடு சூழ்ந்த காய்னூ வட்டாரத்தில் சொல்வார்கள். அப்படிப்பட்டவளின் நாய்க்குத்தான் காது போயிற்று.

யெரி என்கிற அந்தச் சாம்பல் நிற மூஸ் மான் வேட்டை நாய்க்குக் காது போனதற்கு யார் காரணம் என்பதில் ராய்லிக்கு நான்கு வருடங்களாக எந்தச் சந்தேகமும் இல்லை. காரணம் வெய்யோ மொய்லனென். ஊர் வேட்டைச் சங்கத்தின் தலைவன். பள்ளியில் அவளுக்கு முன் பெஞ்சில் உட்கார்ந்து அவளுக்குக் கரும்பலகையை மறைத்தவன். நான்கு வருடங்களுக்கு முந்தைய அக்டோபரில் யெரி கயிற்றிலிருந்து நழுவி அவன் காலடிக்கு ஓடி வந்து நிற்க, அவன் அதன் தலைக்கு மேலாகவே சுட்டான். துப்பாக்கியில் வெடிச் சத்தத்தைக் குறைக்கும் சைலன்சர் இல்லை. இரண்டு வாரம் கழித்து, பெயர் சொல்லிக் கூப்பிட்டும் யெரி திரும்பிப் பார்க்கவில்லை.

அன்றிலிருந்து இதை அவள் கடையில் சொன்னாள், சங்கக் கூட்டத்தில் சொன்னாள், ஒரு வகுப்புத் தோழனின் சாவு வீட்டில் எல்லோரும் காபி குடிக்கும்போதும் சொன்னாள். வெய்யோ பொதுவாகப் பதில் பேச மாட்டான். ஒரே ஒரு முறை மட்டும், "உன் வீட்டுக்காரனுக்கும்தான் காது கேக்க மாட்டேங்குது, ராய்லி. அதுவும் நான்தானா?" என்றான். அவளுடைய கணவன் பென்ட்டி பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தான். கேட்காதவன் மாதிரியே நின்றான்.

யெரி இப்போது கிழம். அடுப்பங்கரையில் படுத்துத் தூங்குகிறது. அதன் இடத்துக்கு வின்ஹா வந்திருக்கிறாள், இரண்டு வயது. ராய்லியின் இடுப்புப் பட்டையில் கட்டிய கயிற்றோடு காட்டுக்குள் போகப் போகிற முதல் இலையுதிர்காலம் இது. சங்கத்தில் பதினான்கு துப்பாக்கிகள், நாய் ஒன்றே ஒன்று. வின்ஹாவின் காதுக்கு ஏதாவது ஆனால் இந்த ஊரில் யாரையும் விட்டுவைக்கப் போவதில்லை என்று ராய்லி முன்கூட்டியே அறிவித்திருந்தாள்.

அதனால்தானோ என்னவோ, ஜூலையில் வந்த கூட்ட அறிவிப்பில் ஏழாவது பொருளாக, பதினான்கு துப்பாக்கிகளுக்கும் சங்கச் செலவில் சைலன்சர் வாங்குவது என்று போட்டிருந்தது. வெய்யோ பரிந்துரைத்தது டைட்டானியத்தில் செய்தது, ஒன்று எழுநூற்றுத் தொண்ணூறு யூரோ. காரணமும் எழுதியிருந்தான்: ராய்லி பத்து வருடங்களாக இதைத்தான் வைத்திருக்கிறாள். சத்தத்தைப் பற்றி அவளைவிடத் தெரிந்தவர் இந்த ஊரில் இல்லை.

தபால் பெட்டியருகே நின்றபடி அவள் அதை இரண்டு முறை படித்தாள். எதிரி திட்டினால் பொறுத்துக்கொள்ளலாம், இவன் பாராட்டுகிறான். ஆனாலும் பரிந்துரையில் தவறு எதுவும் தெரியவில்லை. ஆதரித்துத்தான் கை தூக்கப் போகிறாள். ஆனால் எந்தப் பொருளையும் நிறுத்துப் பார்க்காமல் பதினான்கு வாங்க அவள் விட்டதில்லை.

தன்னுடைய டைட்டானியத்தைக் கழற்றினாள். நகரத்துக் கடையிலிருந்து இரும்பில் ஒன்றும் அலுமினியத்தில் ஒன்றும் சோதனைக்கு வாங்கி வந்தாள். சமையலறையில் மாவு நிறுக்கும் தராசில் மூன்றையும் வைத்தாள். டைட்டானியத்தின் பெட்டியில் இருநூற்று நாற்பது கிராம் என்றிருந்தது, தராசு முந்நூற்றுப் பதினெட்டு காட்டியது. துப்பாக்கிக் குழலில் மாட்டுவதற்கான வளையத்தைச் சேர்க்காமல் நிறுத்திருக்கிறார்கள். இரும்பிலும் அதே வேலை: பெட்டியில் ஐந்நூற்று நாற்பது, தராசில் அறுநூற்றுப் பன்னிரண்டு. அலுமினியம் மட்டும் முந்நூற்றுத் தொண்ணூறு என்று சொல்லி நானூற்றொன்று இருந்தது. வளையம் இல்லாமல் அதை எதில் மாட்டுவது, காதிலா என்று அவள் தராசைப் பார்த்துக் கேட்டாள். பத்து வருடங்களாக எழுபத்தெட்டு கிராம் பொய்யைத் தோளில் சுமந்திருக்கிறாள்.

அடுத்தது சத்தம். மூன்று பெட்டிகளும் எத்தனை டெசிபல் குறையும் என்று பெரிய எழுத்தில் சொல்லின. எவ்வளவு மிச்சம் என்று ஒன்றும் சொல்லவில்லை. இந்தத் தந்திரம் அவளுக்கு ஆலையிலேயே பழக்கம். கடைக்குப் போன் போட்டு, எதில் அளந்தீர்கள் என்று கேட்டாள். கைபேசியிலேயே அதற்குச் செயலி இருப்பதாக விற்பனையாளர் சொன்னார். வெடிச் சத்தம் கண்ணிமைப்பதற்குள் முடிந்துவிடும், கைபேசி அதைப் பிடிக்காது, ஆலைக் கருவியே பிடிக்காது என்று அவள் அவருக்குப் பத்து நிமிடம் பாடம் எடுத்தாள். பிறகு தொழில் நல ஆய்வகத்தில் சண்டை போட்டு, வெடியின் உச்சத்தைப் பிடிக்கிற கருவியை ஒரு வாரத்துக்கு இரவல் வாங்கினாள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் சரளைக்கல் குழியில் பென்ட்டி சுட்டான், அவள் எழுதினாள். சுடுகிறவரின் காதருகே சைலன்சர் இல்லாமல் நூற்றைம்பத்தெட்டு. அலுமினியத்தோடு நூற்று முப்பத்தொன்று, இரும்போடு நூற்று முப்பத்துநான்கு, டைட்டானியத்தோடு நூற்று முப்பத்தெட்டு. நூற்று நாற்பதைத் தாண்டினால்தான் காதுக்கு ஆபத்து. மூன்றும் தேறின. டைட்டானியம் கடைசி என்றாலும் எடை குறைவில் அதுதான் முதல். அவள் காகிதத்தை மடித்தாள்.

பென்ட்டி துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு, அன்றைய தினத்துக்கான தன் பேச்சைப் பேசினான். "நாய் அங்க நிக்காதுல்ல."

நாய் அங்கே நிற்காதுதான். இடுப்புக் கயிற்றில் கட்டிய நாய் இடது பக்கம், ஓரடி முன்னால், குழல் வாய்க்குப் பக்கவாட்டில் நிற்கும். காது முழங்கால் உயரத்தில் இருக்கும். பத்து வருடமாக அவளுக்குத் தெரிந்த விஷயம். அவள் கருவியின் முக்காலியை அங்கே நகர்த்தி, மைக்கை முழங்காலளவுக்கு இறக்கினாள்.

அலுமினியம் நூற்று முப்பத்தெட்டு. இரும்பு நூற்று நாற்பது. டைட்டானியம் நூற்று நாற்பத்தொன்பது.

அவள் மறுபடி சுடச் சொன்னாள். பேட்டரியை மாற்றினாள். முக்காலியைத் துடைத்து வைத்துவிட்டு மறுபடி சுடச் சொன்னாள். ஐந்து முறையும் நூற்று நாற்பத்தொன்பது. எடையில் மிச்சம் பிடித்ததையெல்லாம் அது பக்கவாட்டில் சத்தமாக விட்டுக்கொண்டிருந்தது. பத்து கூடினால் பத்து மடங்கு என்று ஆலைச் சுவரில் எழுதி ஒட்டியதே அவள்தான். யெரி அந்த இடத்தில் ஆறு இலையுதிர்காலம் நின்றிருக்கிறது.

திரும்பும் வழியில் அவளுக்குத் தபால் வண்டி நினைவுக்கு வந்தது. வெய்யோ சுட்டதற்கு முந்தைய கோடையிலேயே யெரி தபால் வண்டியைப் பார்த்துக் குரைப்பதை நிறுத்தியிருந்தது. நாய்க்குப் பக்குவம் வந்துவிட்டது என்று எல்லோரிடமும் பெருமையடித்திருந்தாள்.

வீட்டில் அட்டவணையைச் சுத்தமாக எழுதினாள். விலை, எடை, சுடுகிறவரின் காது, நாயின் காது. கடைசிப் பத்தியின் கடைசிக் கட்டத்தில், டைட்டானியத்துக்கு நேரே, பேனா நின்றது. காலியாக விட்டால் வெய்யோவின் பரிந்துரையை அவளால் எதிர்க்க முடியாது. வின்ஹாவைச் சுற்றிப் பதினான்கு டைட்டானியம் வெடிக்கும். எழுதினால் நான்கு வருடக் குற்றச்சாட்டு என்னாகும் என்று அவளுக்குத் தெரியும். பென்ட்டி தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தான். "எழுதித்தான் ஆகணுமா?" என்று கேட்டான். ஒரே நாளில் இரண்டாவது வாக்கியம். "அளந்ததை எழுதாம என்னத்துக்கு அளக்கறது?" என்று அவன்மேல் எரிந்து விழுந்து, எழுதினாள்.

கூட்டம் ஆகஸ்டில், மான் இறைச்சி வெட்டும் கொட்டகையில். காபி, ஏலக்காய் போட்ட இனிப்பு பன், நீண்ட மௌனம். இந்த ஊரில் யாரும் பேசாவிட்டால் எல்லோருக்கும் சம்மதம் என்று பொருள். தலைவர் மரச்சுத்தியலால் மேசையைத் தட்டுவார், முடிந்தது. சத்தத்தைக் குறைப்பதற்கான தீர்மானமும் அப்படித்தான் நிறைவேற இருந்தது. வெய்யோ ஏழாவது பொருளைப் படித்து, எதிர் முன்மொழிவு உண்டா என்று கேட்டு, சுத்தியலைத் தூக்கினான்.

"இருக்கு," என்றாள் ராய்லி.

எழுந்து அட்டவணையைப் படித்தாள். வளையத்தின் எடையை மறைத்த கம்பெனிகளை ஒரு பாட்டம் திட்டினாள். கைபேசியில் அளந்த விற்பனையாளருக்கு இரண்டு பாட்டம். முந்நூற்று முப்பது யூரோ அலுமினியம் போதும், சீக்கிரம் தேய்ந்துவிடும் என்பார்கள், வருடத்துக்குப் பதினோரு வெடி வெடிக்கிற உங்களுக்கு அது உங்களுக்குப் பிறகும் உழைக்கும் என்றாள். பிறகு நாயின் காது என்கிற பத்திக்கு வந்தாள். கடைசிக் கட்டத்தைப் படித்த பிறகும் உட்காரவில்லை.

"யெரிக்குக் காது போனது உன்னோட ஒரு வெடியால இல்ல, வெய்யோ. என் துப்பாக்கி. ஆறு வருஷம்."

யாரோ காபிக் கோப்பையைத் தட்டில் வைத்த சத்தம் கேட்டது.

வெய்யோ சுத்தியலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "என் வெடியும் கொஞ்சம் சேந்திருக்கும்," என்றான்.

ராய்லிக்கு முகம் சிவந்துவிட்டது. "உன்கிட்ட யாரு பங்கு கேட்டா? நான் அளந்துட்டு வந்து சொல்றேன், நீ அளக்காம சொல்ற. இப்பவும் முன் பெஞ்சிலதான் ஒக்காந்திருக்க நீ."

"எழுந்துக்கணுமா?"

"தட்டுய்யா, சுத்தியலத் தட்டு."

தட்டினான். அலுமினியம், பதினான்கு.

டைட்டானியத்தை அவள் விற்கவில்லை. இன்னொருவரின் நாய்க்குப் பக்கத்தில் அது வெடிக்கக் கூடாது. கம்பெனிக்கு நான்கு பக்கக் கடிதம் எழுதினாள். பெட்டியில் எடைக்குக் கீழே ஒரு வரி காலியாக இருக்கிறது, அங்கே நாயின் காதில் அளந்ததை அச்சடியுங்கள் என்பது அதன் சாரம்.

வேட்டைக் காலம் முடிந்து, முதல் பனி விழுந்த வாரத்தில் பதில் வந்தது. தபால் வண்டி சாலை வளைவில் திரும்பும்போதே வின்ஹா குரைக்கத் தொடங்கிவிட்டாள். யெரி தூங்கிக்கொண்டிருந்தது. பென்ட்டி அதட்டுவதற்கு வாயைத் திறந்தான். ராய்லி கையைக் காட்டி அவனை நிறுத்தினாள். வண்டி வந்து, நின்று, போய், மறையும் வரை வின்ஹா குரைத்தாள். அதுவரை ராய்லி வாசலிலேயே நின்றாள்.

பார்சலில் நன்றிக் கடிதமும், கம்பெனியின் பெயர் பொறித்த ஒரு தொப்பியும் இருந்தன. கடிதத்தில் நாயைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. தொப்பியில் தொங்கிய அட்டைச் சீட்டில் தொண்ணூறு கிராம் என்று போட்டிருந்தது. ராய்லி அதைத் தராசுக்கு எடுத்துப் போனாள்.